சிறிய டிராக்டருக்கு முன் லோடர்: நான்கு வருடம் ஓட்டியபின்

டிராக்டரின் முன்னால் மாட்டி, பக்கெட்டால் மண்ணும் எருவும் அள்ளித் தூக்கும் லோடரை வாங்கப் போனபோது நான் பார்த்தது ஒரே எண்ணைத்தான்: எத்தனை கிலோ தூக்கும்? 400 என்று போட்டிருந்தது. அது பக்கெட் மாட்டும் மூட்டில் அளந்த கணக்கு. சுமை உட்காருவதோ அதற்கு அரை மீட்டர் முன்னால். அங்கே தூக்கும் திறன் கணிசமாகக் குறைந்துவிடும். பக்கெட்டின் சொந்த எடை அந்த எண்ணில் கழிக்கப்பட்டதா என்றும் நான் கேட்கவில்லை.

பக்கெட்டையும் பெரியதாகவே எடுத்தேன், கால் கன மீட்டர் கொள்ளளவு. மட்கிய எரு அள்ளும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஈர மணல் அப்படியல்ல. ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,900 கிலோ வரும். என் பக்கெட் நிறைந்தால் 475. முதல் வாரமே அதைக் குவித்து அள்ளி, கொஞ்சம் உயர்த்தி, சரிவான இடத்தில் திரும்பினேன். பின் சக்கரம் ஒன்று மெதுவாகத் தரையை விட்டு எழுந்தது. சத்தம் எதுவும் இல்லை, இருக்கை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. லீவரை அழுத்திப் பக்கெட்டை இறக்கியபிறகுதான் மூச்சு வந்தது.

முன்னால் சுமை ஏற ஏற, முன் அச்சை மையமாக வைத்துப் பின்பக்கம் தூக்கிக்கொள்ளப் பார்க்கும். சிறிய டிராக்டர்கள் பலவற்றில் பிரேக் இருப்பதோ பின் சக்கரங்களில். அவை தரையில் அழுந்தவில்லை என்றால் இறக்கத்தில் பிரேக் மிதித்தும் பலனில்லை. அதனால் சுமையோடு சரிவில் இறங்கும்போது நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொள்கிறேன். பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது.

பின் டயர்களில் தண்ணீர் நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன், பிடிமானம் கூடியது. ஆனால் அந்த எடை பின் அச்சிலேயே உட்கார்ந்துவிடுகிறது, முன் அச்சின் பாரத்தைக் குறைப்பதில்லை. பழைய பீப்பாயில் கான்கிரீட் ஊற்றிப் பின்புற லிஃப்டில் தொங்கவிட்டேன். அச்சுக்குப் பின்னால் தொங்குவதால் அது நெம்புகோல்போல முன்பக்கத்தையும் லேசாக்கியது. ஸ்டீயரிங் திருப்பும்போதே கையில் வித்தியாசம் தெரிந்தது. இதை முதல் நாளே செய்திருந்தால் முன் அச்சின் ஆயில் சீல் இரண்டாம் வருடமே கசிந்திருக்காது என்பது என் சந்தேகம்.

பக்கெட்டின் அகலம் டயர்களின் வெளி விளிம்பைத் தாண்டி இருக்க வேண்டும். குறைந்தால் சக்கரம் வெட்டாத மண்ணில் ஏறி, தளம் கோணலாகும். ஃப்ளோட் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். லீவரை அந்த நிலையில் விட்டால் பக்கெட் தரையின் மேடுபள்ளத்தைத் தானே தொடரும். சரளையைப் பரப்பும்போது அதன் அருமை தெரியும்.

பக்கெட்டைக் கழற்றி முள்கரண்டி மாட்ட, ஆணிகளைச் சுத்தியலால் தட்டித் தட்டி அரை மணி நேரம் போகும். சலித்துப்போய் விரைவு இணைப்புக்கு மாறினேன். இப்போது இறங்கி ஏறினால் வேலை முடிந்தது. அதுவும் சுமையைக் கொஞ்சம் முன்னே தள்ளி, தூக்கும் திறனில் ஒரு பங்கைத் தின்கிறது, தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டேன்.

கியர் வண்டி என்பதால் முன்னும் பின்னும் போய்வர இடது கால் ஓயாது. கிளட்ச் தட்டை மூன்றாம் வருடம் மாற்றினேன். லோடர் வேலையே அதிகம் என்றால், கிளட்ச் மிதிக்காமலே முன்னும் பின்னும் போகும் ஹைட்ரோஸ்டேடிக் வண்டி நல்லது. லோடரின் மூட்டுகளுக்குப் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கிறேன். லோடர் சட்டத்தை வண்டியோடு பிணைக்கும் போல்ட்டுகளை முதல் சில நாட்களிலேயே மறுபடி முறுக்கிவிடுங்கள். என்னுடையதில் இரண்டு, விரலாலேயே சுழன்றன.