கட்டாய தேசிய சேவை: சிங்கப்பூர், ஆஸ்திரியா, ஜெர்மனி

பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது ஆனதும் ஒன்றிரண்டு வருடம் நாட்டுக்காக உழைக்கச் சட்டம் போட வேண்டும், அப்போதுதான் ஒழுக்கம் வரும் என்பவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூரைத்தான் காட்டுவார்கள். அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் சீருடை போடுவதால் அந்த உதாரணம் நமக்கு நெருக்கமானது. ஆனால் ஆஸ்திரியா இதையே வேறு மாதிரி செய்கிறது. ஜெர்மனி பல வருடம் வைத்திருந்து 2011இல் நிறுத்தியது. மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே நம் ஊருக்கு எது பொருந்தும் என்று பேச முடியும்.

1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூரிடம் இருந்தவை இரண்டே காலாட்படை பட்டாலியன்கள். சம்பளத்துக்கு ஆள் எடுத்துப் பெரிய படை கட்ட அந்தச் சின்னத் தீவால் முடியாது. பாதுகாப்பு அமைச்சர் கோ கெங் சுவீ 1967இல் கட்டாய சேவையைக் கொண்டுவந்ததன் காரணம் இதுதான். இன்றும் ஆண் குடிமக்களுக்கும் இரண்டாம் தலைமுறை நிரந்தரவாசிகளுக்கும் 2 வருட முழுநேரச் சேவை உண்டு. பெரும்பாலானவர்களுக்குப் புலாவ் தெக்கோங் தீவில் சுமார் 9 வாரம் அடிப்படைப் பயிற்சி. ராணுவமா, போலீஸா, தீயணைப்பு, மீட்பு வேலை பார்க்கும் குடிமைத் தற்காப்புப் படையா என்பதை அரசே முடிவு செய்யும். 2 வருடத்தோடும் விடுவதில்லை. அதிகாரி அல்லாதவர்களை 40 வயது வரையும் அதிகாரிகளை 50 வயது வரையும் மறுபயிற்சிக்குக் கூப்பிடலாம். வேலை, குடும்பம் என்று ஆன பிறகும் வருடாவருடம் உடற்தகுதித் தேர்வு உண்டு.

இதில் பையன்களின் குறை நியாயமானது. கூடப் படித்த பெண்கள் கல்லூரியில் இரண்டு வருடம் முன்னால் போய்விடுகிறார்கள். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று ஆயுதம் தொட மறுப்பவருக்கு அங்கே மாற்று வழியே கிடையாது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த இளைஞர்கள் இதற்காகவே ராணுவத் தடுப்புக்காவலில் இருந்திருக்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் பணக்கார வீட்டுப் பையனும் வாடகை வீட்டுப் பையனும் ஒரே முகாமில் தலையை மழித்துக்கொண்டு நிற்பது சாதாரண விஷயம் இல்லை. படைக்கு வேறு வழி இல்லாத நாடு என்பதால் அந்தக் கட்டாயத்துக்கு நியாயம் இருக்கிறது.

ஆஸ்திரியாவில் தேர்வு இளைஞன் கையில். ராணுவம் என்றால் 6 மாதம், ஆயுதம் வேண்டாம் என்றால் 9 மாதம் குடிமைச் சேவை. கட்டாயம் ஆண்களுக்கு மட்டும்தான். குடிமைச் சேவைக்குப் போகிறவர்களில் கணிசமானோர் ஆம்புலன்ஸில் இருப்பார்கள். மீட்புப் பணியாளர் சான்றிதழுக்கு 100 மணி நேர வகுப்பு, 160 மணி நேர நேரடிப் பயிற்சி. அப்புறம் டயாலிசிஸுக்குப் போகும் பெரியவரை மாடியிலிருந்து நாற்காலியில் வைத்து இறக்குவதும் பத்தொன்பது வயதுப் பையன்தான். அந்த வயதில் இப்படி ஒரு வேலை கற்றுத் தருவதை எந்தக் கல்லூரியும் தராது, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் 2013 ஜனவரியில் அங்கே நடந்த வாக்கெடுப்பைப் பாருங்கள். கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் கட்டாய சேவை தொடரட்டும் என்றார்கள். பிரசாரத்தில் அதிகம் அடிபட்ட கேள்வி, இந்தப் பையன்கள் இல்லாவிட்டால் ஆம்புலன்ஸுக்கும் முதியோர் இல்லத்துக்கும் யார் வருவார்கள் என்பது. அதாவது ராணுவத்துக்காக வந்த கட்டாயம், குறைந்த செலவில் ஆள் கிடைக்கிறது என்பதற்காக நீடிக்கிறது. முழுச் சம்பளம் கொடுக்க வேண்டிய வேலையைச் சட்டத்தைக் காட்டி இளைஞர்கள் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதே பயம் ஜெர்மனியிலும் இருந்தது. 2011 ஜூலையில் கட்டாய சேவையை நிறுத்தியபோது பராமரிப்புத் துறையே படுத்துவிடும் என்றார்கள். அப்படி நடக்கவில்லை. அதே மாதம் தொடங்கிய தன்னார்வ சேவையில் பெண்களும் ஓய்வுபெற்றவர்களும் சேரலாம், வழக்கமாக ஒரு வருடம். கையில் கிடைப்பது சின்னத் தொகைதான், வீட்டில் வசதி இல்லாத பிள்ளை ஒரு வருடத்தை அப்படிக் கொடுக்க முடியாது என்பது அதன் பெரிய ஓட்டை. ராணுவத்தின் கதை வேறு. அங்கே தன்னார்வம் போதவில்லை. உக்ரைன் போருக்குப் பிறகு ஆள் பற்றாக்குறை பெரிய பேச்சாகி, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியது. 2008 முதல் பிறந்த ஆண்கள் 18 வயதில் படைச் சேவைக்கான விருப்பத்தையும் தகுதியையும் கேட்கும் படிவத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும், ஆனால் படையில் சேருவது இப்போதைக்கு விருப்பம்தான்.

இந்தியாவில் ராணுவத்துக்கு ஆள் இல்லாத பிரச்சினையே கிடையாது. அக்னிபத் திட்டத்தில் 4 வருடம் முடித்தவர்களில் 25 சதவீதம் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தும் இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எனவே சிங்கப்பூரின் காரணம் இங்கே செல்லாது. மிச்சம் இருப்பது ஆஸ்திரியாவின் வழி, அதற்கு நம் அரசியலமைப்பிலேயே கதவு திறந்திருக்கிறது. பொது நோக்கத்துக்காகக் கட்டாய சேவை விதிக்கலாம், மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது அதன் 23(2) பிரிவு. பாலினம் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தக் கதவு வழியாகப் போனால், அரசு மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளக் காலிப் பணியிடம் நிரப்பாமல் கல்லூரிப் பிள்ளைகளை நிறுத்துவார்கள் என்பதுதான் என் பயம். கல்லூரி மாணவர்களிடம் 2 வருடத்தில் 240 மணி நேரம் கேட்கும் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் இருக்கிறது. அதோடு, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும், ஆண் பெண் இருவருக்கும், குறைந்தபட்சக் கூலி கொடுத்து ஒரு வருட சேவையைத் தொடங்கினால் அதற்கு என் ஆதரவு உண்டு.