பாக்கின் நாலு குரலும் மூன்று இயந்திரங்களும்

கணினியால் இசையமைக்க முடியுமா என்று பொதுவாகக் கேட்டால் பேச்சு எங்கும் போய்ச் சேராது. எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே வீட்டுப்பாடத்தைக் கொடுத்துப் பார்ப்பதுதான் நியாயம். அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியன் பாக்கின் கோரால். தேவாலயத்தில் சபை முழுவதும் பாடும் ஒரு மெட்டை மேல்குரலில் வைத்து, அதற்குக் கீழே ஆல்டோ, டெனர், பேஸ் என்று மூன்று குரல்களை எழுத வேண்டும். பாக் எழுதியவை 350-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. வடிவம் சின்னது, விதிகள் தெளிவானவை, பார்த்துப் படிக்க மாதிரிகளும் நிறைய. அதனால்தான் கணினிக்காரர்கள் திரும்பத் திரும்ப இதற்கே வருகிறார்கள்.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. 1706-இல் ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். பாக்குக்கு அப்போது 21 வயது. அவர்கள் வழியாக வந்த மெட்டுகளை, பின்னால் வந்த மிஷனரி பப்ரிசியஸ் போன்றவர்கள் தமிழாக்கிய ஞானப்பாட்டுகளாக இன்றும் பாடுகிறோம். பாக் நாலு குரலாக விரித்ததும் அதே லுத்தரன் மெட்டு மரபைத்தான். பாடகர் குழுவில் பல வருடம் டெனர் பாடியவன் நான். ஆகவே கேட்பவர் ஏமாந்தாரா என்பதைவிட, நடுவில் நிற்கும் குரல்களுக்குப் பாட என்ன கிடைத்தது என்றுதான் பார்ப்பேன்.

முதல் வழி, விதி. இதன் மூத்த பிள்ளை, கணினியை வைத்து எழுதிய 1957-இன் இல்லியாக் சூட் என்ற இசைப்படைப்பு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லரும் லெனார்ட் ஐசக்சனும் செய்தது. இருவரும் வேதியியல் படித்தவர்கள். கணினி ஏதோ ஒரு சுரத்தை எடுக்கும். விதிக்குப் பொருந்தினால் வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கும். அது பாக்கை நோக்கி எழுதப்பட்டதல்ல. அதே எண்ணத்தைப் பாக்கிடம் கொண்டுபோனவர் துருக்கியரான கெமால் எப்ஜியோலு. 1980-களில் அவர் எழுதிய நிரலில் சுமார் 350 விதிகள். எது கூடாது என்பதோடு, கூடியவற்றுள் எது மேல் என்றும் அவை சொல்லும். வழி அடைபட்டால் நிரல் பின்னால் போய் வேறு சுரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வரும்.

இதன் பெரிய பலம், எந்தச் சுரத்தைக் காட்டி ஏன் என்று கேட்டாலும் காரணம் கிடைக்கும். ஹார்மனி, அதாவது குரல்களை ஒத்திசைக்கும் கலை, படிக்கிறவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் பாக் விதியை மீறும் இடங்கள்தான் பாடும்போது மயிர்க்கூச்செறிய வைப்பவை. மீறலுக்கும் ஒரு விதி எழுதலாம், அதற்கு விலக்காக இன்னொன்று எழுதலாம். எழுதி முடியாது.

இரண்டாவது வழியில் விதியை யாரும் எழுதித் தருவதில்லை, பாக்கிடமிருந்தே எடுக்கிறார்கள். கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த இசையமைப்பாளர் டேவிட் கோப், 1981-இல் கற்பனை வறண்டு எழுத முடியாமல் தவித்தபோது தொடங்கியது எமி என்ற நிரல். ஒருவருடைய படைப்புகளைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டுக்குப் பின் எது வரலாம் என்று பார்த்துக் கோக்கும். பல படைப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சின்ன உருக்களை அந்த இசையமைப்பாளரின் கையெழுத்து என்று அடையாளம் கண்டு, அவற்றை மட்டும் சிதைக்காமல் காப்பாற்றும். நடுக்குரல்கள் இதில் அழகாக இருப்பதற்குக் காரணம் எளிது: ஒவ்வொரு துண்டிலும் ஆல்டோவையும் டெனரையும் நகர்த்தியது பாக்கின் கையே.

1997-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. பாக்கின் பாணியில் மூன்று பியானோ படைப்புகள்: ஒன்று பாக், ஒன்று எமி, ஒன்று அங்கே இசை கற்பித்த ஸ்டீவ் லார்சன் எழுதியது. கூடியிருந்தவர்கள் எமியுடையதைப் பாக் என்றார்கள். லார்சனுடையதைக் கணினி என்றார்கள். லார்சனுக்கு அது வலித்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வெற்றியை முழுக்க இயந்திரத்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. எதை உள்ளே போடுவது, வந்ததில் எதை வெளியே விடுவது என்று முடிவு செய்தது கோப்பின் காது. ஒருமுறை 5,000 கோரால்களை எமி எழுதித் தள்ளியது. அத்தனையையும் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டாமா? கடைசியில் எமியின் தரவுத்தளத்தைக் கோப்பே அழித்துவிட்டார். முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பாக்குக்கு மதிப்பு இருக்காது என்று அவருக்குத் தோன்றியது. அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

மூன்றாவது வழி, நரம்பு வலைப்பின்னல். பாரிஸில் சோனி ஆய்வகத்தில் காயத்தான் ஹாஜெரெஸும் பிரான்சுவா பாஷேயும் மற்றவர்களும் உருவாக்கிய டீப்பாக் 2016-இன் கடைசியில் வெளிவந்தது. விதி எழுதவில்லை, துண்டும் ஒட்டவில்லை. கோரால்களைக் காட்டிக் காட்டிப் பழக்கினார்கள். எழுதும் முறைதான் என்னை ஈர்த்தது. முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம்வரை வரிசையாக அது எழுதுவதில்லை. தாள் முழுக்கச் சுரங்களை இறைத்துவிட்டு, ஏதோ ஓர் இடத்தை எடுத்து, அதன் முன்னும் பின்னும் உள்ளதையும் மற்ற குரல்களையும் பார்த்து அந்த ஒன்றை மாற்றும். பிறகு இன்னோர் இடம். இப்படி ஆயிரக்கணக்கான முறை. எந்த இடத்திலும் நாம் கை வைக்கலாம் என்பது இதிலிருந்து தானே வருகிறது. ஒரு குரலைப் பூட்டிவிட்டு மற்றதை எழுதச் சொல்லலாம், ஒரே ஒரு பாரை, அதாவது ஒரு தாளக் கட்டத்தை, மட்டும் மாற்றச் சொல்லலாம். ஃபெர்மாட்டா எங்கே என்றும் சொல்லித் தரலாம். வரி முடிந்து சபை மூச்சு வாங்கும் இடம் அது. மூச்சு எங்கே என்று தெரிந்த இயந்திரம் பாடகருக்கு எவ்வளவு வேண்டியது!

1,200 பேருக்கு மேல் கேட்ட சோதனையில், டீப்பாக் எழுதியதை ஏறக்குறையப் பாதித் தடவை பாக் என்றார்கள். உண்மையான பாக்கை முக்கால் தடவை சரியாகச் சொன்னார்கள். அந்தக் கால் பங்கு இடைவெளி என் காதுக்கும் கேட்கிறது. அடுத்த சுரம் எப்போதும் பொருத்தமாக இருக்கிறது, ஆனால் பாட்டு எங்கே போகிறது என்பது மங்கலாக இருக்கிறது. கூகுள் 2019 மார்ச் 21-இல், பாக்கின் பிறந்தநாளுக்கு, 306 கோரால்களில் பழக்கிய இன்னொரு வலைப்பின்னலை முகப்பில் வைத்தது. இரண்டு பார் மெட்டு கொடுத்தால் மூன்று குரல் சேர்த்துத் தந்தது. குழந்தைகள் ரசித்தார்கள். ஆனால் மாணவன் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழிக்கும் இணை ஐந்துகள், அதாவது இரண்டு குரல்கள் ஐந்து சுர இடைவெளியிலேயே ஒன்றாக நகரும் பிழைகள், அதில் அடிக்கடி வந்தன. எப்ஜியோலுவின் நிரல் அவற்றை வாசலிலேயே தடுத்திருக்கும்.

சூனோ, யூடியோ போன்றவற்றை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. எழுத்தில் கேட்டால் முழுப்பாட்டையும் ஒலியாகவே தருகிறார்கள். பெரிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில் அவர்கள்மேல் வழக்குப் போட்டன. பாக்கின் கோராலுக்குப் பதிப்புரிமை எதுவும் இன்று இல்லை. இன்று வாழ்கிறவர்களின் பதிவுகளை அனுமதி இல்லாமல் இயந்திரத்தைப் பழக்க எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, எதை எடுப்பது? உட்கார்ந்து கேட்க எமி. படிக்க விதி நிரல். எங்கள் குழுவுக்கு எழுத வேண்டுமென்றால் நான் டீப்பாக்கைத்தான் எடுப்பேன். அதன் நிரல் யாரும் எடுக்கலாம் என்று திறந்தே கிடக்கிறது. கணினி படிக்கும் அக்கா மகன் எனக்கு நிறுவிக் கொடுத்தான். ஒரு ஞானப்பாட்டின் மெட்டை இட்டேன். மூன்றாம் வரியில் டெனர் நாலு பாருக்கு ஒரே சுரத்தில் நின்றது. பாடிப் பார்த்தேன், சலித்தது. ஒரு சுரத்தை மேலே ஏற்றிப் பூட்டிவிட்டு மற்றதை மாற்றச் சொன்னேன். ஆல்டோ விலகி வழி விட்டது, பேஸ் ஒரு படி இறங்கியது. இரண்டாம் தடவை பாடியபோது அந்த வரியில் மூச்சு சரியாக வந்தது.