ஓசியில் ஒரு குரல், சந்தாவில் ஒரு குரல்: ஸ்பெயினின் கூடைப்பந்து ஒளிபரப்பு

கூடைப்பந்து பார்த்து வளர்ந்த ஸ்பானியரிடம் "யாருடைய வர்ணனை பிடிக்கும்?" என்று கேட்டால் போதும், அவர் வயதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ரமோன் திரெசெத் என்று பதில் சொல்பவர் எண்பதுகளின் பிள்ளை. ஆந்திரேஸ் மோந்தெஸ் என்று சொல்பவர் அதற்கு அடுத்த தலைமுறை. திரெசெத் அரசுத் தொலைக்காட்சியில் பேசினார், மோந்தெஸ் காசு கட்டினால்தான் திறக்கும் சேனலில் பேசினார். இவ்விரண்டில் எது அந்த விளையாட்டை வளர்த்தது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் சொல்லியாக வேண்டும்.

அரசுத் தொலைக்காட்சியான டிவிஇயிடமிருந்து தொடங்குவோம். எண்பதுகளில் நாடு முழுக்கத் தெரிந்தவை அதன் இரண்டு அலைவரிசைகள்தாம். 1984 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டி நடந்தபோது ஸ்பெயினில் விடியற்காலை. மைக்கேல் ஜோர்டான் இருந்த அமெரிக்க அணியிடம் ஸ்பெயின் 96-65 என்று தோற்றது. முப்பத்தொரு புள்ளி வித்தியாசம்! அப்படியிருந்தும் அந்த வெள்ளிப் பதக்கத்தை அந்த நாடு இன்றுவரை கொண்டாடுகிறது. தூக்கத்தைத் தொலைத்துவிட்டு அதைப் பார்த்தவர்களுக்கு 1983-84இல்தான் தொடங்கியிருந்த ஸ்பெயினின் உள்நாட்டு லீக்கான ஏசிபி கையெட்டும் தூரத்தில் இருந்தது. லீக் ஆட்டங்களில் பெத்ரோ பார்த்தேயின் குரல் ஒலிக்கும். ஆட்டத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, பெட்டியைப் போட்டால் அதுவே வீட்டுக்குள் வந்துவிடும். டிவிஇயின் பலம் முழுவதும் இதுதான்.

1986இல் பெர்னாந்தோ மார்த்தின் போர்ட்லாந்து அணியில் சேர்ந்து, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஆடிய முதல் ஸ்பானியர் ஆனார். 1988இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியே மாட்ரிட்டுக்கு வந்து ரியால் மாட்ரிட்டோடு மோதியது. அதே ஆண்டில் டிவிஇ, 'நட்சத்திரங்களுக்கு அருகே' என்று பொருள்படும் பெயரில் என்பிஏ நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கி திரெசெத்திடம் கொடுத்தது. அவர் வானொலியில் இசை நிகழ்ச்சி நடத்தியவர். "அழகைத் தேடுங்கள்" என்று சொல்லி நேயர்களிடம் விடைபெறுவது அவர் வழக்கம். பந்து தொலைவிலிருந்து வந்து கூடையில் விழுந்தால் "டிங் டாங்!" என்பார். அழைப்புமணி ஓசைதான், ஆனால் மறுநாள் பள்ளி மைதானத்தில் பந்தெறிந்த பிள்ளைகளும் அதையே கூவினார்கள். குறையும் உண்டு. உயிர்ப்போடு அன்றாடம் நடக்கும் ஒரு லீக்கை வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது சாளரத்து வழியே திருவிழா பார்ப்பதைப் போன்றது.

அந்தக் குறையைத் தீர்த்தது 1990இல் வந்த கட்டணச் சேனலான கனல் பிளஸ். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து 2006 வரை அங்கே என்பிஏ என்றால் மோந்தெஸும் அந்தோனி தாய்மியேலும்தான். மழித்த தலை, கழுத்தில் வில் முடிச்சுப் பட்டை, அடக்கவே முடியாத வாய் என்று மோந்தெஸ். பக்கத்தில் நிதானமாக, புள்ளிவிவரம் பிசகாமல் தாய்மியேல். ஸ்பெயினில் நள்ளிரவு தாண்டிய நேரம். ஊர் உறங்குகிறது. திடீரென்று மோந்தெஸ் கேட்பார்: "தாய்மியேல், ஹூகோன்கள் எல்லாரும் ஏன் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள்?" ஹூகோன் என்றால் ஆட்டத்தில் கைதேர்ந்தவன், ரசித்து ஆடுபவன். அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. விழித்திருப்பவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட ரகசியம் அது. என்பிஏ வீரர் டிம் டங்கனுக்கு அவர் வைத்த பெயர் 'இருபத்தோராம் நூற்றாண்டு'. ஸ்பானிய வீரர் பாவ் கசோல் அவருக்கு 'ஈ.டி.'.

வர்ணனையின் தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கனல் பிளஸ்தான் உயர்ந்தது, தயக்கமில்லாமல் சொல்வேன். ஆனால் 2001இல் என்பிஏவின் மெம்பிஸ் அணிக்குப் போன கசோல், அடுத்த ஆண்டே சிறந்த புதுமுக வீரர் விருதை வாங்கினார். ஸ்பெயின் பெற்ற ஆகப் பெரிய கூடைப்பந்து வீரன் வளர்ந்த அந்த இரவுகளைச் சந்தா கட்டியவர்கள்தான் பார்த்தார்கள். பார்சிலோனாவை அடுத்த சான் போய் ஊரில் அவன் வளர்ந்த தெருவிலேயே, பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அவன் செய்தியில் வரும் பெயர் மட்டுமே. இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இலவச ஒளிபரப்பும் மோந்தெஸின் குரலும் ஒருமுறை கைகோத்தன. 2006இல் தொடங்கிய லா செக்ஸ்தா, காசில்லாமல் எல்லாரும் பார்க்கக்கூடிய தனியார் சேனல். அது மோந்தெஸை அழைத்துக்கொண்டது. கூடவே வர்ணனை செய்ய வந்த இத்துரியாகா, 1984இல் அந்த வெள்ளியை வென்ற அணியில் ஆடியவர். 2006 செப்டம்பர் 3, ஞாயிறு. ஜப்பானில் சைதாமா நகரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அரையிறுதியில் காலில் அடிபட்ட கசோல் ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார். ஸ்பெயின் 70-47 என்று கிரேக்கத்தை நொறுக்கியது. ஸ்பெயினில் அப்போது நண்பகல், குடும்பமே சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருக்கும் வேளை. அதுவரை நள்ளிரவில் சிலருக்கு மட்டும் கேட்ட குரல், பட்டப்பகலில் பாட்டியும் பேரனும் சேர்ந்து கேட்கும்படி ஒலித்தது. நாற்பதாண்டு ஒளிபரப்பில் என் தேர்வு எது என்றால் லா செக்ஸ்தாவில் மோந்தெஸ் இருந்த இந்த மூன்றாண்டுக் காலம்தான்.

அதன் பிறகு பாதை மறுபடி பிரிந்தது. 2018-19 பருவம் முதல் ஏசிபி லீக் மோவிஸ்டாரின் கட்டணச் சேனலுக்குப் போனது. அடுத்த பருவத்தில், ஐரோப்பிய அணிகள் மோதும் யூரோலீக் போட்டி டசோன் என்ற இணையச் சேவைக்குப் போனது. படம் துல்லியம், எல்லா ஆட்டமும் உண்டு, விட்டதை மறுநாள் பார்க்கலாம். எண்பதுகளின் ரசிகன் கனவிலும் காணாத வசதி இது. ஆனால் ஏற்கெனவே விரும்புபவனுக்குத்தான் அது பயன்படும். வேறெதையோ தேடிச் சேனல் மாற்றும் சிறுமி இடையில் ஒரு "டிங் டாங்" கேட்டு நின்றுவிட அங்கே வழியில்லை.

2009 செப்டம்பர் 20 அன்று போலந்தின் காத்தோவித்சேயில் செர்பியாவை 85-63 என்று வீழ்த்தி ஸ்பெயின் முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அந்த ஆட்டத்துக்கு வர்ணனை செய்த மோந்தெஸ், லா செக்ஸ்தாவில் அதுவே தம் கடைசி ஒளிபரப்பு என்று சொல்லி விடைபெற்றார். ஒரு மாதம் முடிவதற்குள் இறந்துபோனார். "வாழ்க்கை அற்புதமாக இருக்கக்கூடும்" என்ற அவருடைய வாசகத்தை, சந்தா கட்டியே அறியாத வீடுகளும் அப்போது மனப்பாடமாகச் சொல்லின.