வயதானவர்களுக்கான 'ரத்தப் புற்றுநோய் மரபணு பேக்கேஜ்': 5க்கு 2 ஸ்டார்

லேப் பெயரைச் சொல்லப் போவதில்லை, இதே டெஸ்டை வேறு வேறு பெயரில் நிறைய பேர் விற்கிறார்கள். "அறுபது தாண்டிய அனைவருக்கும் அவசியம்" என்று போனில் அடித்துச் சொன்னார்கள், அப்பாவுக்கு எடுத்தோம். வயது 74, பி.பி. மாத்திரை மட்டும், மற்றபடி நன்றாக இருக்கிறார்.

வீட்டுக்கு வந்த தம்பிக்கு முழு மார்க். சொன்ன நேரத்துக்கு வந்தார், ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார். ரிப்போர்ட்தான் தாமதம். வந்ததும் பெரிய குண்டு: டெட்-2 மரபணுவில் மாற்றம், 4 சதவீதம், கீழே சிவப்பு எழுத்தில் "ரத்தப் புற்றுநோய் வாய்ப்பு பத்து மடங்குக்கு மேல்". அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அப்புறம் ரத்தவியல் டாக்டரிடம் போனோம், நானும் கொஞ்சம் படித்தேன். எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல் ஒவ்வொன்றிலும் வருஷத்துக்குச் சுமார் 17 மரபணுப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகுமாம், யாருக்கும் விதிவிலக்கு இல்லை. பெரும்பாலானவை சும்மா கிடக்கும். டெட்-2, டிஎன்எம்டி3ஏ மாதிரி சில மரபணுக்களில் விழுந்தால் அந்தச் செல்லின் வம்சம் (அதிலிருந்து பிரிந்து வரும் செல்கள்) மற்றவற்றைவிடப் பெருகி மஜ்ஜையில் இடம் பிடிக்கிறது. இளவயதில் பல்லாயிரம் ஸ்டெம் செல்கள் பங்கு போட்டு ரத்தம் செய்கின்றன, 75 தாண்டினால் ரத்தத்தில் 30 முதல் 60 சதவீதத்தைப் பெரிதாகப் பெருகிய ஒரு டஜனுக்குச் சற்று மேற்பட்ட வம்சங்களே செய்கின்றன என்று 2022ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. 70 வயதுக்கு மேல் பத்தில் ஒருவருக்காவது அப்பாவுக்கு வந்த மாதிரி ரிப்போர்ட் வரும். இது புற்றுநோய் இல்லை. அதே வம்சத்தில் இன்னும் சில பிழைகள் விழுந்தால்தான் ரத்தப் புற்றுநோய் வரை போகும், அதற்கான வாய்ப்பு வருஷத்துக்கு 0.5 முதல் 1 சதவீதம்.

பத்து மடங்கு என்பது பொய் இல்லை. ஆனால் எதன் பத்து மடங்கு? அடிப்படை வாய்ப்பே மிகச் சிறியது, அந்த எண்ணை ரிப்போர்ட்டில் எங்கேயும் போடவில்லை. 4 சதவீதம் என்பதற்கும் விளக்கம் கிடையாது (ரத்தத்தில் இருக்கும் அந்த மரபணுப் பிரதிகளில் 4 சதவீதத்தில் பிழை என்று அர்த்தம்; செல்லுக்கு இரண்டு பிரதி, பொதுவாகப் பிழை ஒன்றில் மட்டும் இருக்கும், ஆக ரத்த வெள்ளை அணுக்களில் சுமார் 8 சதவீதத்தில் இந்த மாற்றம் இருக்கிறது). இதைவிடக் கோபம் வந்தது இன்னொரு விஷயத்தில்: இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பும் கூடுதல், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பி.பி., கொலஸ்ட்ரால், சிகரெட் என்று நம் கையில் இருப்பதே அந்தப் பக்கம்தான்! புற்றுநோய் பக்கம் இப்போதைக்குத் தடுக்க மாத்திரை எதுவும் இல்லை, அவ்வப்போது ரத்த அணு எண்ணிக்கை பார்க்கச் சொன்னார் டாக்டர், அவ்வளவுதான்.

ஹீமோகுளோபின் காரணம் தெரியாமல் இறங்குகிறது, எம்சிவி (சிவப்பணுக்களின் சராசரி அளவு) 100க்கு மேல் நிற்கிறது, பி12, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் டாக்டரே இந்த டெஸ்டை எழுதித் தருவார், மஜ்ஜைப் பரிசோதனையும் சொல்வார். அங்கே இது உபயோகமான டெஸ்ட். நன்றாக நடமாடுகிற பெரியவருக்கு போன் விற்பனையில் வாங்கிக் கொடுப்பது வேண்டாத வேலை, சில நூறு ரூபாய் சிபிசியும் (ரத்த அணு எண்ணிக்கை) ஸ்மியரும் (மைக்ரோஸ்கோப்பில் ரத்த அணுக்களைப் பார்ப்பது) போதும்.

அம்மாவுக்கும் எடுத்தால் பாதி விலை என்று இன்னும் போன் வருகிறது. எடுக்கப் போவதில்லை.