ஆறு ஞாயிறு, 300 ரூபாய்: வியாசர்பாடி தம்ம வகுப்பு எப்படி?

வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு படிப்பகத்தின் மாடியில் நடக்கிறது இந்தப் பௌத்த அறிமுக வகுப்பு. காலை 10 முதல் 11.45 வரை. 40 பக்க ஜெராக்ஸ் குறிப்பும் கட்டணத்திலேயே அடக்கம்.

இரண்டாவது வாரத்துக்காகவே பணம் கட்டலாம். ‘ஆசையே துன்பத்துக்குக் காரணம்’ என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டதை அங்கே கழற்றிப் போடுகிறார்கள். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள சொல் தண்ஹா, நேர்ப்பொருள் தாகம். மணிமேகலை இதை ‘வேட்கை’ என்கிறது. துன்பம் பிறக்கும் காரணச் சங்கிலியில் ‘பற்று’ என்பது அதற்கு அடுத்த கண்ணி. சார்புகள் எனப்படும் அந்தப் பன்னிரண்டு கண்ணிகளில் ஊறு (புலனில் படுதல்), நுகர்ச்சி, வேட்கை, பற்று என்ற நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ கடையை வைத்து விளக்குகிறார்கள். பூண்டு வாசனை மூக்கில் படுவது ஊறு. நன்றாயிருக்கிறதே என்பது நுகர்ச்சி. இன்னொரு தட்டு வேண்டும் என்று இழுப்பது வேட்கை. அந்தக் கடை இல்லாவிட்டால் ஞாயிறே இல்லை என்று பிடித்துக்கொள்வது பற்று. வாசனையைத் தடுக்க முடியாது. நுகர்ச்சிக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் கத்தி வைக்க இடம் உண்டு. ‘அப்போ படிக்கவும் ஆசைப்படக் கூடாதா?’ என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். பாலியில் அதற்குச் ‘சந்தம்’ (செய்யும் விருப்பம்) என்று வேறு சொல் இருக்கிறது, நல்முயற்சிக்கு அது தேவை என்று பதில் வருகிறது. சரியான பதில்.

முதல் வாரம் அந்தத் தரத்தில் இல்லை. புத்தரின் தந்தை சுத்தோதனரை மாமன்னராக்கி, அரண்மனைப் படமாகவே ஓட்டுகிறார்கள். உண்மையில் அவரது குலமான சாக்கியர்கள் கோசல அரசுக்கு அடங்கிய, சபை கூடி முடிவெடுத்த ஒரு குலம். கிழவர், நோயாளி, பிணம், துறவி என்ற நான்கு காட்சிகளைத் தவிர புத்தரின் துறவுக்கு வேறு காரணமே சொல்வதில்லை. புத்தர் தன் கதையைச் சொல்லும் ‘அரியபரியேசன சுத்தம்’ என்ற பாலி உரையில் நள்ளிரவுக் குதிரைச் சவாரி கிடையாது. தாயும் தந்தையும் அழ, தலைமுடியை மழித்துக்கொண்டு போனதாகப் புத்தரே சொல்கிறார். அம்பேத்கரோ நான்கு காட்சிக் கதையை ஏற்காமல், ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியரும் கோலியரும் மோதியதைக் காரணமாக வைத்தார். அம்பேத்கர் வழியாகப் பௌத்தத்துக்கு வருபவர்கள் நிறைந்த வியாசர்பாடியில் இதை விட்டது பெரிய ஓட்டை. குறிப்பில் கி.மு. 563–483 என்று அடித்துச் சொல்லியிருப்பதையும் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள், மறைவை கி.மு. 400-ஐ ஒட்டி வைக்கும் ஆய்வாளர்கள் இன்று பலர். 29 வயதில் துறவு, 35-இல் ஞானம், சாரநாத்தில் ஐவருக்கு முதல் உரை, 80-இல் குசிநாராவில் மறைவு என்ற வரிசையில் தப்பில்லை.

மூன்றாவது வாரம் பஞ்சசீலம், அதாவது ஐந்து ஒழுக்க உறுதிமொழிகள். பாலியைத் தமிழ் எழுத்தில் அச்சடித்த தாள்தான் இங்கே வில்லங்கம். கொல்லாமை உறுதிமொழியின் முதல் சொல்லான ‘பாணாதிபாதா’வைத் தமிழ் வழக்கப்படி வாசித்தால் தி, பா, தா மூன்றும் மெலிந்துவிடும்; மூன்றும் வல்லோசை. ‘கச்சாமி’யில் தலைகீழ்: அந்தக் க, ‘காகம்’ என்பதன் முதல் எழுத்து அல்ல, இரண்டாவது. ஒலி வேறுபாட்டைக் காட்ட எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று எண் போட்டு அச்சடித்திருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

நான்காவது வாரம் எண்வழிப் பாதை. சீலம் (ஒழுக்கம்), சமாதி (மன ஒருமை), பஞ்ஞா (மெய்யறிவு) என்று மூன்றாகப் பிரித்து ஒப்பிக்க வைப்பதோடு சரி.

ஐந்தாவதில் 20 நிமிடம் ஆனாபானசதி, அதாவது மூச்சைக் கவனிக்கும் தியானம். மூச்சை எண்ணும்போது ஐந்துக்குக் குறையாமல், பத்தைத் தாண்டாமல் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். இது விசுத்திமக்கம் என்ற பழைய பாலி நூலில் உள்ள முறை. பலர் எண்ணிக்கைக்கு ஏற்ப மூச்சை இழுக்கிறார்கள், பத்து நிமிடத்தில் தலை கனக்கிறது. மூச்சு தன்போக்கில் வரட்டும், எண் பின்னால் போகட்டும் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். கண் திறந்த பிறகு சொல்கிறார்கள்.

கடைசி வாரம் தமிழ்நாட்டுக்கு. 1898-இல் இராயப்பேட்டையில் அயோத்திதாசர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிடைப்பது பத்தே நிமிடம், மீதி நேரம் குழுப் புகைப்படம்.

தரையில்தான் உட்கார வேண்டும், நாற்காலி நான்கே நான்கு. ஒரு துண்டை நாலாய் மடித்து இடுப்புக்கு அடியில் வைத்தால் முட்டி தாங்கும். ரயில் பாதைப் பக்கத்து ஜன்னலோரம் மட்டும் வேண்டாம். மூச்சை எண்ணும்போது பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.