படுத்த காலும் நின்ற காலும்: கணுக்காலின் வடிவத்தை எதைக்கொண்டு அளப்பது?

என்னுடைய பெரியப்பா நாற்பது வருடம் திருகோணமலை உப்புவெளியில் கரைவலை இழுத்தவர். வலது பாதத்தின் உள்பக்கம் நோகிறது என்று சொல்லத் தொடங்கியபோது, பாத வளைவு மணலோடு மணலாகப் படிந்து வருவது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. முதலில் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஏழெட்டு மாதம் கழித்து இன்னோர் இடத்தில் நிற்க வைத்து எடுத்தார்கள். அதே கால்தான். ஆனால் கணைக்காலுக்கும் குதிக்கால் எலும்புக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் தாலஸ் எலும்பு கீழ்நோக்கிச் சரிந்து, வளைவு இறங்கிக் கிடந்தது. அந்த இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அன்றுதான் இந்த விஷயம் எனக்குள் புகுந்தது.

போன மாதம் கோணேசபுரியில் கம்பியூட்டர் படிக்கிற ஒரு தங்கச்சி வந்தா. "அண்ணா, கணுக்கால் மூட்டின்ர வடிவம் ஆளுக்காள் எப்படி மாறுதெண்டு ஒரு கணினி மாதிரி (மொடல்) செய்யப் போறன். எந்த ஸ்கான் எடுக்கிறது, எந்த மென்பொருள் பாவிக்கிறது?" என்று கேட்டா. அவவுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வேலை இதுதான். பலருடைய ஸ்கானிலிருந்து எலும்புகளைப் பிரித்தெடுத்து, எல்லா எலும்புகளிலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் புள்ளிகளை வைப்பது. பிறகு சராசரி வடிவத்தையும், அதிலிருந்து ஆட்கள் எந்தெந்தத் திசைகளில் விலகுகிறார்கள் என்பதையும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு என்ற புள்ளிவிவர முறையால் கணக்கிடுவது. மான்செஸ்டரில் கூட்ஸ், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 1990களில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 30 பேரின் எலும்பு இருந்தால் 29 திசைகளுக்கு மேல் கிடைக்காது என்பதை முதலிலேயே மனதில் வைக்கவேண்டும்.

சரி, ஸ்கானுக்கு வருவோம்.

சாதாரண சி.ரி. ஸ்கானின் பெரிய பலம், எலும்பின் ஓரம் பளிச்சென்று தெரிவது. மென்பொருள் பாதி வேலையைத் தானே முடித்துவிடும். ஆனால் வெட்டின் தடிப்பைப் பார்க்காமல் கை வைக்கக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு என்றால் நல்லது. மூன்று மில்லிமீட்டர் என்றால் எலும்பின் மேல் படிக்கட்டுப் போலக் கோடுகள் விழும். மாதிரி அந்தப் படிக்கட்டையும் மனித வேறுபாடு என்று எடுத்துக்கொள்ளும். பெரிய குறை, ஆள் படுத்திருப்பது. கால் சுமை இல்லாமல் தொங்கலாகக் கிடக்கிறது. தனி எலும்பின் உருவத்துக்கு அது பரவாயில்லை. எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று கேட்டால், படுத்த கால் பதில் சொல்லாது.

நின்றபடி எடுக்கும் சி.ரி. அந்தக் கேள்விக்கென்றே வந்தது. கூம்புக் கதிர் முறையில் ஆள் நின்றுகொண்டிருக்க, கருவி காலைச் சுற்றிவரும். கதிர்வீச்சும் குறைவு. ஆனால் சாதாரண சி.ரி. அளவுக்கு அடர்த்தி எண்களை நம்ப முடியாது. எலும்பைப் பிரித்தெடுக்கும்போது கை வேலை கூடும். படத்தின் உயரமும் மட்டானது. ஒருவருக்கு உள் கணைக்கால் எலும்பு (ரிபியா) கொஞ்சம் மேலே வெட்டுப்படும், இன்னொருவருக்குக் கீழே. அதைச் சமமாக நறுக்காமல் விட்டால், மாதிரியின் முதல் திசையே 'தண்டின் நீளம்' என்று வந்து நிற்கும்.

எம்.ஆர்.ஐ.க்குக் கதிர்வீச்சே இல்லை, குருத்தெலும்பையும் காட்டும். ஆனால் கணுக்கால் குருத்தெலும்பு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிப்பு. வழக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. வெட்டே அதைவிடத் தடிப்பாக இருப்பதுண்டு. இந்த வேலைக்கென்று தனியாக நேரம் ஒதுக்கி மெல்லிய வெட்டாக எடுக்க முடிந்தவர்களுக்கே அது.

மென்பொருளில் நாலு வழி உண்டு. கையால் புள்ளி வைப்பது முதலாவது; 3டி ஸ்லைசர் இலவசம், இன்றைக்கே தொடங்கலாம். ஆனால் தாலஸின் மேற்பகுதி வழுவழுப்பான ஒரு வளைவு. எங்கே புள்ளி வைப்பது? மேடும் பள்ளமும் உள்ள இடத்தில் கண் சரியாகப் போய் நிற்கும். வழுக்குகிற இடத்தில் இன்றைக்கு வைத்த புள்ளி நாளைக்கு மாறும். மூட்டின் உயிர் இருப்பதோ அந்த வழுக்குகிற இடத்தில்தான்.

இரண்டாவது, எலும்பை ஒரு கோளத்தின் மேல் விரித்துப் பொருத்தும் கோள ஹார்மோனிக் முறை. ஒவ்வொரு எலும்பையும் தனித்தனியே விரிப்பதால் மற்றவர்களின் எலும்பு எப்படி இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. குதிக்கால் எலும்பின் உள்பக்கம் தட்டுப் போல நீண்டிருக்கும் பகுதியில் இது திணறும். வெட்டுப்பட்ட கணைக்கால் எலும்புக்கு இயல்பாகவே பொருந்தாது.

மூன்றாவது, ஒரு சராசரி எலும்பை வளைத்து நெளித்து ஒவ்வோர் எலும்பாகவும் மாற்றும் முறை, டிஃபார்மெட்ரிகா என்ற மென்பொருள் அப்படி. கணிதம் அழகானது, மேற்பரப்பு கிழியாது, மடியாது. எவ்வளவு நுணுக்கமாக வளைப்பது என்ற அளவை நாம்தான் தீர்மானிக்கவேண்டும். அது மாறினால் விடையும் நகரும். கணிப்பு நேரமும் அதிகம்.

நாலாவது எனக்குப் பிடித்தது: அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஷேப்வொர்க்ஸ், இதுவும் இலவசம். ஒரு துகளில் தொடங்கி, இரண்டாகி, நாலாகி, நூற்றுக்கணக்காகப் பெருகும் துகள்கள் எலும்பின் மேல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பரவுகின்றன. மணலில் நண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு வளை தோண்டுகிற மாதிரி. அதே நேரம் எல்லா ஆட்களின் எலும்புகளையும் சேர்த்துப் பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்து விவரிப்பது எவ்வளவு சுருக்கமாக இருக்க முடியுமோ அவ்வளவுக்குத் துகள்களை நகர்த்துகிறது. மூல எலும்பு ஒன்றை நாம் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. எந்த வழியில் போனாலும் மூன்றைச் சோதிக்கவேண்டும்: சில திசைகளிலேயே பெரும்பகுதி வேறுபாடு அடங்குகிறதா, காணாத எலும்பொன்றை மாதிரியால் திருப்பி வரைய முடிகிறதா, மாதிரி தானாகப் படைக்கும் எலும்பு உண்மையான எலும்பு போல இருக்கிறதா.

இப்போது, பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம். புள்ளிகளை ஒப்பிடும் முன் எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தவேண்டும். நிற்கும் இடம், திரும்பிய கோணம் இரண்டையும் நீக்கிவிட்டு மீதியைப் பார்ப்பதுதான் வடிவம். ஒற்றை எலும்புக்கு அது சரி. மூட்டுக்கு? ஒவ்வோர் எலும்பையும் தனித்தனியே பொருத்தினால், எலும்புகளுக்கிடையே இருந்த உறவே அழிந்துபோகும். பெரியப்பாவின் இரண்டு நிலைகளையும் அப்படிச் செய்து பாருங்கள்: தாலஸ் இரண்டிலும் அதே தாலஸ், குதிக்கால் எலும்பும் அதே எலும்பு. வேறுபாடு பூச்சியம். ஏழெட்டு மாதம் அவர் பட்ட நோவு கணக்கிலேயே இல்லை! மூட்டு முழுவதையும் ஒரே பொருளாகப் பொருத்தினால் உறவு அழியாமல் இருக்கும், ஆனால் உருவமும் சாய்வும் ஒரே திசையில் கலந்து வரும். ஓர் எலும்பை, உதாரணத்துக்கு உள் கணைக்கால் எலும்பை, நங்கூரமாக வைத்து மற்றவை அதற்கு எப்படி நிற்கின்றன என்று பார்ப்பது மூன்றாவது வழி. நான் இதைத்தான் எடுப்பேன், கூடவே தனி எலும்பு மாதிரியையும் செய்து இரண்டையும் பக்கத்தில் வைப்பேன். எது எலும்பின் குணம், எது நிற்கும் விதம் என்று அப்போதுதான் பிரியும்.

யூட்டாக் குழுவே 2021 இல் நின்றபடி எடுத்த சி.ரி.யிலிருந்து இரண்டு கணைக்கால் எலும்புகளின் கீழ்ப்பகுதியையும் முழுத் தாலஸையும் சேர்த்து ஒரு மாதிரி வெளியிட்டது. ஆளுக்காள் மாறியவற்றில் உள் கணைக்கால் எலும்பில் வெளிக் கணைக்கால் எலும்பு வந்து அமரும் பள்ளமும் தாலஸின் வளைவும் இருந்தன. மூட்டுப் பரப்புகளோ மிக நெருக்கமாகப் பொருந்தி, ஆளுக்காள் குறைவாகவே மாறின. அதைப் படித்தபோது, கரைவலைக் கயிற்றை இழுத்துக் குதியை மணலில் ஊன்றி வளர்ந்த கால்களில் இதே விடை வருமா என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் ஊர்க் கால்களை யாராவது அளந்தால்தானே தெரியும்.

தங்கச்சிக்கு நான் சொன்ன முடிவு: நின்றபடி எடுத்த ஸ்கான் கைக்கு எட்டாது, ஆகவே வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுக்கப்பட்ட, முறிவில்லாத கணுக்கால்களின் மெல்லிய சி.ரி.களை முறைப்படி அறநெறிக் குழுவின் அனுமதியோடு, பெயர் விவரம் நீக்கி வாங்கு. இடதுகால்களைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிக்கொள். ஒருவரின் இரண்டு காலையும் இரண்டு ஆளாக எண்ணாதே. ஷேப்வொர்க்ஸில் தாலஸோடு தொடங்கு. தட்டைப் பாதத்தைப் பற்றி ஆய்வில் ஒரு வரியும் எழுதாதே, படுத்த கால் அதற்குச் சாட்சி சொல்லாது. பத்து எலும்பையாவது உன் சிநேகிதி ஒருத்தி தனியாக மறுபடி பிரித்தெடுக்கட்டும். உங்கள் இரண்டு பேருக்குமிடையே வரும் வித்தியாசம், ஆட்களுக்கிடையே வரும் வித்தியாசத்தை நெருங்கினால் அங்கேயே நிறுத்து.

அவ எல்லாவற்றையும் எழுதிக்கொண்டா. போகும்போது பெரியப்பாவின் இரண்டு எக்ஸ்ரேயையும் இரவல் கேட்டா, முதல் ஸ்லைடில் போடவாம். பெரியப்பாவிடம் கேட்டேன். "குடு, ஆனா நிண்டு எடுத்ததைப் பெரிசாப் போடச் சொல்லு" என்றார்.