பழைய ஜப்பான் அம்ப் வாங்குகிறவர்கள் கவனம்: 185,000 ரூபா போச்சு

முந்தாநாள் இரவு எட்டரைக்கு இடது ஸ்பீக்கரின் வூஃபர், அடிச்சத்தம் போடுகிற பெரிய கூம்பு, புகைந்தது. அறையில் இன்னும் அந்த வார்னிஷ் நாத்தம் போகவில்லை. ஆறினால் எழுதமாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் பழைய ஜப்பான் செட் தேடித் திரிகிறவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. அவர்கள் வாசித்தால் போதும்.

போன காசு 185,000 ரூபா. அம்ப் (அம்ப்ளிஃபயர்) 128,000, ஸ்பீக்கர் வயர் 39,000, நம்மட 230 வோல்ட்டை ஜப்பான் சாமானுக்கு 100 ஆக இறக்குகிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் 18,000. எரிந்த வூஃபர் இந்தக் கணக்கில் இல்லை.

ஆளின் பெயரோ தளத்தின் பெயரோ இங்கே வராது. பாவித்த சாமான்களுக்கு விளம்பரம் போடுகிற தளம் ஒன்று. அதில் கொள்கலனில் வந்த பழைய ஹை-ஃபை செட்டுகளை வீட்டில் வைத்து விற்கிற ஒருவர், வெளியூர். படத்தில் இருந்தது 1970களின் கடைசியில் வந்த இன்டகிரேட்டட் அம்ப். வெள்ளி முகம், இரண்டு ஊசி மீட்டர், பக்கத்துக்கு 65 வாட்ஸ். அந்த மீட்டர் வெளிச்சத்தைக் கண்டவுடன் பாதி மூளை வேலை செய்யாமல் போகும். இந்தப் பைத்தியம் பிடித்த எல்லாருக்கும் அது தெரியும்.

மீதிப் பாதி போனது போனில். நாற்பது நிமிஷம் கதை. எடுத்தவுடனேயே, "தம்பி, இது கேக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் குடுப்பன். நேத்தும் ஒருத்தர் 150 தாறன் எண்டார், குடுக்கல்ல" என்றார். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கெபசிட்டர் என்ன என்று கேட்டால், "முழுக்க ரீகேப், நிச்சிக்கோன்." பழையதெல்லாம் கழற்றி அந்த ஜப்பான் கம்பனியின் புதுசு போட்டது என்று அர்த்தம். பயஸ், அதாவது பாட்டு இல்லாத நேரமும் அவுட்புட் ட்ரான்சிஸ்டரில் ஓடுகிற கறண்ட், எவ்வளவு என்று கேட்டால் ஒரு நொடி யோசிக்கவில்லை: "எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்க 10 மில்லிவோல்ட்." அந்த ஒரு பதிலில்தான் விழுந்தது. 0.22 ஓம் ரெசிஸ்டரில் 10 மில்லிவோல்ட் என்றால் 45 மில்லிஅம்பியர், கணக்குச் சரி. கணக்கு இவ்வளவு சரியாகச் சொல்கிற ஆள் ஏமாற்றுவாரா என்று தோன்றியது. ஏமாற்றுவார். கணக்குத் தெரிந்தவனுக்குத்தான் எதை மறைக்க வேண்டும் என்றும் தெரியும்.

சந்தேகம் வராமலும் இல்லை. அனுப்பின வீடியோவில் சுவிட்ச் போட்டவுடனேயே பாட்டு வந்தது. இந்த வகை அம்பில் அப்படி வராது. சுவிட்ச் போட்டு மூன்று முதல் ஐந்து செக்கன் கழித்து உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், அதன் பிறகுதான் ஸ்பீக்கருக்கு லைன் போகும். பாதுகாப்பு ரிலேயின் சத்தம் அது: உள்ளே பிழை இல்லை என்றால்தான் ஸ்பீக்கரை இணைக்கிற சுவிட்ச். "ரிலே சத்தம் கேக்கல்லியே அண்ண?" என்று கேட்டதற்கு, "வீடியோவ வெட்டித்தானே தம்பி போட்டிருக்கன்" என்றார். சரி என்று விட்டாச்சு. 185,000 ரூபா போன இடம் இதுதான்.

நாற்பது நிமிஷத்தில் கெபசிட்டர், ட்ரான்சிஸ்டர், ட்ரான்ஸ்போமர் எல்லாம் கதைத்தோம். பாட்டு எப்படிக் கேட்கும் என்று அவரும் சொல்லவில்லை, இந்தப் பக்கமும் கேட்கவில்லை.

மறுகா மேல்செலவு. "இந்த அம்புக்குக் கடை வயர் போட்டாப் பாவம்" என்று ஒரு சோடி வயர், மூன்று மீட்டர், 39,000. விரல் தடிப்பில் நைலான் பின்னல், பொன் நிறப் பிளக். "மாத்தாத ஒரிஜினல் 100 வோல்ட்தான் விசேஷம்" என்று ஒரு ஸ்டெப் டவுன், 500 வாட்ஸ் என்று எழுதினது, 18,000. காசு முழுக்க வங்கிக்குப் போட்ட பிறகுதான் பார்சல் பஸ்ஸில் ஏறினது.

ஒன்பது நாள் பாடினது. பத்தாம் நாள், போனில் பதிந்த வடமோடிக் கூத்து ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மத்தளத்துக்கு வூஃபரின் கூம்பு முன்னும் பின்னும் ஆட வேண்டும். இடது கூம்பு ஒரே தள்ளாக முன்னால் வந்து அப்படியே நின்றது. அரை அங்குலம் வெளியே, ஆடாமல். வலது பக்கம் சல்லரி கேட்கிறது, இடது பக்கம் ஊமை. கூம்பு அப்படி நின்றால் ஸ்பீக்கருக்குள் டிசி, ஒரே திசையில் ஓடுகிற கறண்ட், போகிறது என்று அர்த்தம். பிளக்கைப் பிடுங்க எடுத்தது நாலைந்து செக்கன்தான். அதற்குள் புகை. 40 வோல்ட் டிசி, 6 ஓம் சுருள் என்றால் 260 வாட்ஸுக்கு மேல் சூடு, அதுவும் காற்றுக்கூட அசையாமல். எந்தச் சுருள் தாங்கும்?

மூடியைக் கழற்றினால் வயிறு எரிகிறது. ரிலேயின் காலுக்குக் காலாக ஒரு துண்டு வயர் வைத்து ஈயம் ஊத்தியிருக்கு. அவுட்புட்டில் டிசி இருந்தால் ரிலே பிடிக்காது. பிடிக்காத ரிலே என்றால் எங்கேயோ பிழை இருக்கு என்று அம்ப் சொல்கிறது. பிழையைத் தேடாமல் சொல்கிற வாயையே கட்டியிருக்கிறார். உயிரோடு இருக்கிற வலது பக்கத்தில் அளந்தால் இப்பவும் 180 மில்லிவோல்ட் டிசி. 50க்குள் இருந்தால் நிம்மதி, 100 தாண்டினால் திருத்தாமல் ஸ்பீக்கர் கொழுவக் கூடாது.

"முழுக்க ரீகேப்" என்றது இரண்டு பெரிய கெபசிட்டருக்குப் புது உறை மாட்டினது. உறை பளபளப்பு, அடியில் பழைய ஈயம், நாற்பது வருசத் தூசி. 10,000 மைக்ரோஃபரட் என்று எழுதியிருக்கு, மீட்டரில் ஒன்று 3,900, மற்றது 4,200. சின்னக் கெபசிட்டர் ஒன்றையும் தொடவேயில்லை. அவுட்புட் ட்ரான்சிஸ்டர் நாலில் இரண்டு கள்ளச் சாமான். செத்ததை உடைத்துப் பார்த்தால் உள்ளே சிப் கடுகளவு. இந்த மாதிரி ட்ரான்சிஸ்டர்களின் தயாரிப்பு எப்பவோ நின்றுவிட்டது. சின்னதுக்கு மேல் பெரியதின் நம்பர் அடித்து விற்கிறார்கள். மெல்லமாய்ப் பாடும் வரை தாங்கும்.

ஸ்டெப் டவுன் அதுக்கு மேல. தராசில் வைத்தால் ஒரு கிலோகூட இல்லை. 500 வாட்ஸ் தாங்குகிற இரும்பும் செம்பும் அந்த எடைக்குள் அடங்காது. வெளியே 100 வோல்ட் என்று எழுதினாலும் மீட்டரில் 117. அமெரிக்கச் சாமானுக்கு என்று வருகிற 110 வோல்ட் பெட்டிக்கு லேபல் மாத்தி ஒட்டினது. 100 வோல்ட் அம்புக்கு 117 கொடுத்தால் உள்ளே 42 வோல்ட் நிற்க வேண்டிய இடத்தில் 49 நிற்கும். கெபசிட்டரின் எல்லை 50. இரவில் ஊரில் பாவனை குறைந்து கறண்ட் ஏறுகிற நேரம் அந்த ஒரு வோல்ட்டும் மிஞ்சாது.

வயரைப் பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு பூசின அலுமினியம். ஒரு இழையை லைட்டரில் பிடித்தால் உருகி விழுகிறது. செம்பு என்றால் சிவக்கும், விழாது. 39,000 ரூபாவுக்கு அலுமினியம்! ஹார்ட்வெயாரில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மூன்று மீட்டர் வாங்கினால் போகவர மொத்தத் தடை 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அதைக் காது அறியாது. இது தெரிந்துகொண்டே 39,000 கொடுத்தாச்சு, அதுதான் ஆத்திரம்.

இனி அவர் சொன்ன பதில்கள். முதல் கோல்: "வெளிய நிக்கிறன், மறுகா எடுங்க." இரண்டாவது: "உங்கட ஊர்க் கறண்ட்தான் பிழை தம்பி." மூன்றாவது: "கல்லடிக் கடல் உப்புக் காத்து, போர்ட் கறுத்திருக்கும்." வந்து பத்து நாள் ஆகாத சாமான், உப்புக்கு அவ்வளவு அவசரமா? ரிலேயில் வயர் வைத்த படத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அரை மணிக்குப் பிறகு, "திருத்தினது வேற ஆள், நான் விக்கிறது மட்டும்தான்." நாற்பது நிமிஷம் பயஸ் கணக்குச் சொன்ன வாய்! அதற்குப் பிறகு ஒற்றை டிக்தான். தளத்துக்கு எழுதினால், விளம்பரம் காட்டுகிறது மட்டும்தான் எங்கள் வேலை, கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே பதில் இரண்டு தரம் வந்தது. கையில் பில்லும் இல்லை. கேட்கவில்லை.

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் முழுநிலவுக்குத் தோணியில் போய், துடுப்பை வாவிக்குள் விட்டு, மேல்முனையில் காதை வைத்து மீன் பாடுகிறதைக் கேட்கிற ஊர் இது. துடுப்பு 100 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

வாங்க முதல் பார்க்க வேண்டியதை முழுசாக எழுதத்தான் தொடங்கினேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. அவசரமாய்ச் சில மட்டும்.

சுவிட்ச் போடுகிறதில் இருந்து வெட்டாத வீடியோ கேளுங்க, பாட்டுப் போடாமல். "டக்" கேட்காவிட்டால் விடுங்க. நேரில் போனால் மல்டிமீட்டர் கொண்டுபோங்க: ஸ்பீக்கர் கழற்றி, வொலியூமைப் பூச்சியத்தில் வைத்து, இரண்டு பக்கமும் டிசி அளந்து பாருங்க. முதல்தரம் கறண்ட் கொடுக்கும்போது 100 வாட்ஸ் இழை பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டுக் கொடுங்க. எல்இடி சரிவராது. பல்ப் ஒருதரம் எரிந்து மங்கினால் நல்லது, எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷோர்ட். ஸ்டெப் டவுனைக் கையில் தூக்கிப் பாருங்க, வெளியே வருகிற வோல்ட்டை அளந்து பாருங்க. ஹீட்டருக்கு, அயன்பெட்டிக்கு என்று விற்கிற எடையில்லாத கன்வேட்டரை அம்புக்குக் கொழுவவே வேண்டாம். ரேடியோ உள்ள ரிசீவர் என்றால் டயலைப் பாருங்க. எஃப்எம் 76 தொடங்கி 90இல் முடிந்தால் அது ஜப்பான் உள்ளூர்ச் சாமான், 100 வோல்ட், நம்மட ஸ்டேஷன்களில் பெரும்பாலானதை அது எடுக்காது. அரைக் காசுக்கு மேல் முன்னுக்குப் போடாதீங்க. பில் வாங்குங்க.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அதே தளத்தில் அதே அம்ப் மறுபடி விளம்பரத்துக்கு வந்திருக்கு. வேறு பெயர், வேறு நம்பர், விலை 145,000, "முழுக்க ரீகேப்". இடது மீட்டர் கண்ணாடியில் இருக்கிற கீறல்கூடப் படத்தில் தெரிகிறது. அந்தக் கீறலோடு அந்த அம்ப் இங்கே மேசையில் மூடி கழன்றபடி கிடக்கு.